நகரின் கீழே தோண்டுமுன் புவிப்பௌதிக அளவை: அம்பாறைக் கரையோரப் பரீட்சார்த்திகளுக்கான முக்கியக் குறிப்புகள்

கல்முனைக்கு நிலக்கீழ் ரயில் வரப்போவதில்லை. ஆனாலும் கடைத்தொகுதிக்கு நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம், பள்ளிவாசலுக்கு நீர்த்தொட்டி, வைத்தியசாலைக்குக் கழிவுநீர்த் தொட்டி, பிரதான வீதிக்கு ஆழமான வடிகான் என்று மண்ணுக்குள் இறங்கும் வேலைகளுக்குக் குறைவில்லை. நிர்வாக சேவை, தொழினுட்ப உத்தியோகத்தர் போட்டிப் பரீட்சைகளுக்கும், உயர்தரப் புவியியல், பொறியியல் தொழினுட்பவியல் பாடங்களுக்கும் படிப்போர் இந்தத் தலைப்பைச் சென்னையையும் கொழும்பையும் வைத்து மட்டும் படிக்கக் கூடாது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை மண்ணைத் தோண்டுகிறவர் பாறை எங்கே என்று கேட்பதற்கு முன்னால், நன்னீர் எந்த ஆழத்தில் முடிகிறது, உப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்க வேண்டும். கீழுள்ள குறிப்புகள் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

எங்கள் கரையின் நிலம்

• இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட நிலம் பிரிகேம்பிரியன் காலத்து உருமாறிய பளிங்குருப் பாறை. நான்கு தொகுதிகள்: மேட்டுநிலத் தொகுதி, வன்னித் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் விஜயன் தொகுதியைச் சேர்ந்தது. யாழ்ப்பாணமும் வடமேற்குக் கரையும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். இந்த இரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர்.

• கரையில் அந்தப் பாறைக்கு மேலே மணல், களி, வண்டல். கிழக்கே கடல், மேற்கே வயல்வட்டை, கல்முனைக்கு மேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்முனையும் வந்து சேர்கிறது. இடையிலுள்ள ஒடுங்கிய மணல்மேட்டில்தான் ஏ-4 வீதியும் ஊர்களும் நெருங்கிக் கிடக்கின்றன. இரு பக்கமும் நீர் இருப்பதால் நிலத்தடி நீர்மட்டம் எப்போதும் ஆழமில்லாமலே இருக்கும்.

• சி. ஆர். பானபொக்கே இலங்கையின் நிலத்தடி நீர்ப்படைகளை ஆறு வகையாகப் பிரித்தார்: ஆழமற்ற சுண்ணாம்புக்கல் படை, ஆழமான அடைபட்ட படை, கரையோர மணற்படை, ஆற்று வண்டற்படை, வன்பாறைப் பகுதியின் ஆழமற்ற வானிலையாலழிந்த படை, தென்மேற்கின் கபுக்கல் படை. நமக்குரியவை மூன்றாவதும் நான்காவதும்.

• நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. பாரம் குறைந்த நன்னீர், உப்புநீரின் மேல் வில்லை வடிவில் தங்குகிறது. கைபென்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு (கைபென் ஒல்லாந்தர், ஹேர்ஸ்பேர்க் ஜேர்மானியர், அவருடைய கட்டுரை 1901): கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் எவ்வளவு உயரமோ, கடல்மட்டத்துக்குக் கீழே அதன் 40 மடங்கு ஆழத்தில் உப்பு எல்லை. நீர்மட்டம் கடலுக்கு மேல் 50 சென்ரிமீற்றர் என்றால் எல்லை 20 மீற்றர் ஆழத்தில்.

• இதையே திருப்பிப் போட்டால் கட்டட வேலைக்கான எச்சரிக்கை கிடைக்கும். குழியைக் காயவைக்க மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கினால், உப்பு எல்லை கோட்பாட்டளவில் 4 மீற்றர் மேலே வரும். உண்மை நிலத்தில் எல்லை ஒரு கோடாக இராது, கலப்பு வலயமாக இருக்கும். அது மேலேறவும் காலம் எடுக்கும். இந்த வரையறையையும் சேர்த்து எழுதினால்தான் முழுமையான விடை. இறைப்பவருடைய குழி காயும். உப்பு ஏறுவது அயல் வளவுக் கிணற்றில்.

• 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேல். கடல் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்க அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உப்புநீர் மேலேறும் என்ற எச்சரிக்கை அப்போது கிழக்குக் கரையெங்கும் சொல்லப்பட்டது. மேலே சொன்ன கணக்கு எங்கள் உம்மாமாரின் கிணற்றடியில் உண்மையாகிய வருடம் அது.

மின் தடைத்திறன் அளவை

எங்கள் கரைக்கு முதலில் பயன்படுத்த வேண்டிய முறை இதுவே. நில அதிர்வு முறைகளுக்கு இல்லாத ஆற்றல் இதற்கு உண்டு: நன்னீர் நிறைந்த மணலையும் உப்புநீர் நிறைந்த மணலையும் மேலிருந்தே வேறுபடுத்தும்.

• கோட்பாடு: நிலத்தில் நான்கு மின்வாய்கள் நடப்படும். வெளி இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தப்படும்; உள் இரண்டுக்கிடையே அழுத்த வேறுபாடு அளக்கப்படும். வெளி மின்வாய்களின் இடைவெளி கூடக்கூட ஆழம் கூடும். அலகு: ஓம்-மீற்றர்.

• கொன்ராட் ஷ்லும்பர்ஜே பிரான்சில் தன் சோதனைகளை 1912-இல் தொடங்கினார். அமெரிக்கரான பிராங் வென்னர் தன் ஒழுங்கை 1915-இல் வெளியிட்டார். வென்னர் ஒழுங்கில் நான்கு மின்வாய்களும் சம இடைவெளியில் நிற்கும். ஷ்லும்பர்ஜே ஒழுங்கில் உள் இரண்டும் நடுவில் நெருங்கி நிற்க, வெளி இரண்டு மட்டும் நகரும். ஆள்பலம் குறைவாகத் தேவைப்படுவதால் ஆழத்தை அறியப் பின்னது விரும்பப்படுகிறது.

• வென்னர் கணக்கு: தோற்றத் தடைத்திறன் = 2 × 3.14 × இடைவெளி × தடை. இடைவெளி 10 மீற்றர், தடை 0.5 ஓம் என்றால் விடை 31.4 ஓம்-மீற்றர். 'தோற்ற' என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம்; பல படைகளின் கலப்பைத்தான் கருவி காட்டுகிறது. படைப்படையாகப் பிரித்தெடுப்பது அதற்குப் பிறகு செய்யும் கணிப்பு.

• ஆர்ச்சி விதி (1942): மணலின் தடைத்திறன் பெரும்பாலும் அதன் துளைகளிலுள்ள நீரின் தடைத்திறனைப் பொறுத்தது. இறுகாத மணலுக்குப் பெருக்குக் காரணி சுமார் 4 என்று கொள்வோம். கடல்நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ். அதன் தடைத்திறன் 0.2 ஓம்-மீற்றர். நல்ல கிணற்றுநீர் 500 மைக்ரோசீமென்ஸ் என்றால் 20 ஓம்-மீற்றர். ஆகவே கடல்நீர் நிறைந்த மணல் 1 ஓம்-மீற்றருக்குக் கிட்ட, நன்னீர் நிறைந்த அதே மணல் 80. நூறு மடங்கு வித்தியாசம். கருவி தவறவிட முடியாத வித்தியாசம் இது.

• களிமண்ணும் குறைந்த தடைத்திறனையே காட்டும். அளவீட்டில் 5 ஓம்-மீற்றர் வந்தால் அது உவர்நீர் மணலாகவும் இருக்கலாம், வாவிப்பக்கத்துக் களியாகவும் இருக்கலாம். ஒன்றில் நீர் குழிக்குள் பாயும். மற்றதில் நீர் நகராது, ஆனால் கட்டடம் மெல்லத் தாழும். இரண்டுக்கும் செய்ய வேண்டிய பரிகாரம் வேறு வேறு. தீர்ப்பதற்கு வழி, பக்கத்துக் கிணற்று நீரின் கடத்துதிறனை அளப்பதும் ஒரு துளை போட்டு மண்ணைப் பார்ப்பதும். புவிப்பௌதிக அளவையின் முடிவு தனித்து நிற்காது என்று பாடநூல்கள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்கள் ஊரில் இல்லை.

• நகர்ப்புறத் தடைகள்: நேர்கோட்டில் நூறு மீற்றருக்கு மேல் இடம் வேண்டும்; சாய்ந்தமருதின் ஒழுங்கைகளில் அது கிடைக்காது. இரும்பு வேலி, உலோகக் குழாய், மின் புவித்தொடுப்பு ஆகியன அளவீட்டைக் கெடுக்கும். கொங்கிறீட்டில் மின்வாய் இறங்காது. பாடசாலை மைதானம், கடற்கரை, வயல் வரம்பு ஆகியவற்றில் கோடுகளை எடுத்து நகருக்குள் இணைத்து வாசிப்பதே நடைமுறை.

• பல பத்து மின்வாய்களை ஒரே கேபிளில் இணைத்து, நிலத்தின் குறுக்குவெட்டைப் படமாகப் பெறும் முறை மின்தடைத்திறன் படவரைவு. கடலிலிருந்து வயல்வட்டை வரை குறுக்கே ஒரு கோடு எடுத்தால் நன்னீர் வில்லையின் வடிவமே தெரியும்.

நில அதிர்வு முறைகள்

• சம்மட்டியால் தகட்டில் அடித்து அலை உண்டாக்கி, ஜியோபோன்களால் வந்துசேரும் நேரத்தை அளப்பது முறிவு முறை. அடிப்படை: ஸ்நெல் விதி. மொகொரோவிசிச் 1909-இல் புவியோட்டின் அடி எல்லையைக் கண்டதும் முறிந்து வந்த அலைகளைக் கொண்டுதான்.

• நெருக்கலை வேகம் செக்கனுக்கு: உலர்ந்த தளர்மணல் சில நூறு மீற்றர், நீர் நிறைந்த மணல் சுமார் 1,500 முதல் 1,800, வானிலையாலழியாத நைஸ், கருங்கல் 4,500-க்கு மேல்.

• கணக்கு: மேற்படை 1,600, கீழே பாறை 4,800, நேர–தூர வரைபின் இரு நேர்கோடுகள் வெட்டும் தூரம் 40 மீற்றர். ஆழம் = தூரத்தின் பாதி × வர்க்கமூலம் (வேக வித்தியாசம் ÷ வேகக் கூட்டல்) = 20 × 0.707 = சுமார் 14 மீற்றர்.

• குறைபாடு: கீழே போகப்போக வேகம் கூடினால்தான் முறை வேலை செய்யும். கெட்டி மணலுக்கு அடியில் மென்களி ஒளிந்திருந்தால் தெரியாது. நன்னீரா உப்பா என்பதையும் இது சொல்லாது. இரண்டிலும் அலைவேகம் ஏறத்தாழ ஒன்றுதான்.

• துணிப்பலை திரவத்தினூடாகச் செல்லாது. ஆகவே அது மணற்கூட்டின் விறைப்பை மட்டும் காட்டுகிறது. அதன் வேகத்தை மேற்பரப்பலைகளிலிருந்து கணிக்கும் பல்தட மேற்பரப்பலைப் பகுப்பாய்வு கான்சாஸ் ஆய்வாளர்களால் 1999-இல் முறைப்படுத்தப்பட்டது. மேல் 30 மீற்றரின் சராசரித் துணிப்பலை வேகம் செக்கனுக்கு 180 மீற்றருக்குக் குறைந்தால் ஈ வகுப்பு, 180–360 டி வகுப்பு, 360–760 சீ வகுப்பு. பயிற்சி: முதல் 10 மீற்றர் 150, அடுத்த 20 மீற்றர் 300 எனின் சராசரி 225, டி வகுப்பு. வேகங்களைப் படைத் தடிப்பால் பெருக்கிச் சராசரி எடுத்து 250 என்று எழுதினால் பிழை. பயண நேரங்களைக் கூட்டித்தான் வகுக்க வேண்டும்.

நிலத்துளை ராடார்

• வேகம் = ஒளிவேகம் ÷ மின்னுழைய மாறிலியின் வர்க்கமூலம். வெற்றிடத்தில் நனோ செக்கனுக்கு 0.3 மீற்றர். மாறிலி: நீர் சுமார் 80, உலர்மணல் 3–5, நீர் நிறைந்த மணல் 20–30. மாறிலி 25, போய்வந்த நேரம் 50 நனோ செக்கன் எனில் ஆழம் 0.06 × 50 ÷ 2 = 1.5 மீற்றர். இரண்டால் வகுக்க மறப்பது பொதுவான பிழை.

• அலையெண் கூடினால் தெளிவு கூடும், ஆழம் குறையும். களியும் உப்புநீரும் ராடாரை விழுங்கிவிடும். ஆகவே மேட்டு மணலில் நன்றாக வேலை செய்யும் அதே கருவி, உவர் நீர்மட்டம் மேலேயுள்ள கடற்கரை ஒழுங்கையில் அதற்குக் கீழே ஒன்றும் காட்டாது. திரை வெறுமையாக இருப்பதை 'கீழே ஒன்றுமில்லை' என்று அறிக்கையில் எழுதுவது ஆபத்து.

• பழைய குழாய்களைத் தேட: உலோகக் குழாய்க்கு மின்காந்தக் கண்டறி போதும். பி.வி.சி. குழாய்க்கு அது உதவாது. அதற்கு ராடார் அல்லது கையால் வெட்டும் சோதனைக் குழிதான் வழி. புதிதாகப் புதைக்கும் பி.வி.சி. குழாயோடு ஒரு செப்புக் கம்பியையும் கிடத்திவிட்டால் அடுத்த தலைமுறைக்குத் தேடல் எளிது. பிரித்தானியாவின் பி.ஏ.எஸ். 128 (முதற் பதிப்பு 2014) புதையுண்ட சேவைகளைத் தேடுவதற்கான நியமம்.

வேகமாகப் பார்க்க வேண்டியவை

• நுண்ணீர்ப்பு அளவை: நிலத்தடி வெற்றிடங்களைத் தேட. அலகு கல், கலிலியோவின் பெயரால் வந்தது; ஒரு கல் = செக்கன் வர்க்கத்துக்கு 1 சென்ரிமீற்றர். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்தும்.
• காந்த அளவை: புதைந்த இரும்பு. அலகு நனோ ரெஸ்லா.
• துளைக்கிடை அதிர்வுப் படவரைவு: இரண்டு ஆழ்துளைகளுக்கிடையே அலை அனுப்புதல், கட்டடம் நெருங்கிய நகரில் மேற்பரப்பில் இடமில்லாதபோது.
• நியம ஊடுருவல் சோதனை: 63.5 கிலோகிராம் சம்மட்டி, 760 மில்லிமீற்றர் வீழ்ச்சி. முதல் 150 மில்லிமீற்றரை விட்டு அடுத்த 300-க்கான அடிகளின் எண்ணிக்கையே 'N' மதிப்பு. இது புவிப்பௌதிக முறையன்று, ஆனால் எதனோடு ஒப்பிட்டு வாசிப்பது என்று கேட்டால் இதுதான்.

நடந்தவற்றிலிருந்து

• சமனலவெவ, இலங்கை: வளவ கங்கையின் நீர்த்தேக்கம், மின்னுற்பத்தி 120 மெகாவாற். 1992-இல் நீர் நிரப்பும்போது வலது கரையில் பெருங் கசிவு வெளிப்பட்டது. காரணம், அந்தக் கரையின் சுண்ணாம்புக்கல்லில் கரைந்து உண்டான குழிவுகள்.

• உமா ஓயா, இலங்கை: 2014 டிசெம்பரில் நீர்கொண்டுசெல் சுரங்கத்தினுள் பெருநீர் புகுந்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. மலைக்குள் ஆழத்தில் செல்லும் சுரங்கத்துக்கு மேற்பரப்பு அளவை மட்டும் போதாது. தோண்டும் முகப்பிலிருந்தே முன்னோக்கித் துளையிட்டும் அதிர்வலை அனுப்பியும் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்கு நம் நாட்டுச் சான்று. திட்டம் 2024 ஏப்ரல் 24 திறந்துவைக்கப்பட்டது. பரீட்சையில் மெகாவாற் எண்ணிக்கை (இதுவும் 120) கேட்பார்கள். கிணறு வற்றியவர்களைப் பற்றி நீங்களாக எழுத வேண்டும்.

• சென்னை: மெட்ரோவின் முதல் நிலக்கீழ்ப் பகுதி திருமங்கலம்–நேரு பூங்கா, 2017 மே 14. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2017 ஏப்ரல் 9 அன்று, கீழே சுரங்க வேலை நடந்த அண்ணா சாலையில் வீதி உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் குழிக்குள் இறங்கின, உயிரிழப்பில்லை. சென்னையின் சிக்கல், சில இடங்களில் சார்னோக்கைற் வன்பாறையும் சில இடங்களில் ஆற்று வண்டலும், சில இடங்களில் ஒரே சுரங்க முகப்பில் இரண்டும். பாறை மட்டம் ஏறி இறங்கும் நகரில் இரு துளைகளுக்கிடையே என்ன இருக்கிறது என்பதை அதிர்வு முறையும் தடைத்திறன் முறையும் நிரப்பித் தருகின்றன.

• கொல்கத்தா: 2019 ஒகஸ்ட் 31, பௌபஜாரில் கிழக்கு–மேற்கு மெட்ரோவின் துளைபொறி நிலத்தடி நீர்ப்படையைத் தொட்டது, நீரோடு மண்ணும் உள்ளே வர, மேலேயிருந்த பழைய வீடுகள் இடிந்தன. மணலும் நீரும் சேர்ந்த நிலம் என்பதால் எங்கள் கரைக்குச் சென்னையைவிட இதுவே நெருங்கிய பாடம்.

• கொலோன், ஜேர்மனி: 2009 மார்ச் 3, மெட்ரோக் குழிக்குள் மணலும் நீரும் பாய்ந்து நகர ஆவணக் காப்பகம் சரிந்தது, இருவர் இறந்தனர். குறை காணப்பட்டது நிலக்கீழ்ச் சுவரின் கட்டுமானத்தில். நல்ல அளவை இருந்தாலும் மோசமான வேலையை அது காப்பாற்றாது என்று எழுத இந்த உதாரணம் வேண்டும்.

மிதப்பு

• வடகீழ்ப் பருவமழையில் நீர்மட்டம் தரைக்கு மிக அருகே வரும். 4 × 3 × 2.5 மீற்றர் வெளியளவுள்ள தொட்டி 30 கனமீற்றர் நீரை இடம்பெயர்க்கும்; முழுதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் மேலுதைப்பு 30 தொன். தொட்டியைக் கழுவ வெறுமையாக்கும்போது கொங்கிறீட்டின் பாரம் அதைவிடக் குறைவாக இருந்தால் தொட்டி மேலெழும். பள்ளிவாசல் தொட்டிகளை மழைக்காலத்தில் முற்றாக வெறுமையாக்காதீர்கள் என்று சொல்வதற்குப் பின்னாலுள்ள கணக்கு இது.

• ஆகவே அளவையும் இரு முறை: ஒகஸ்ட்–செப்டெம்பர் வறட்சியில் ஒன்று, டிசெம்பர்–ஜனவரி மழையில் ஒன்று. உப்பு எல்லை எவ்வளவு நகர்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சட்டங்களும் நிறுவனங்களும்

• நீர்வளச் சபை: 1964-இன் 29-ஆம் இலக்கச் சட்டம்.
• தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை: 1974-இன் 2-ஆம் இலக்கச் சட்டம்.
• நகர அபிவிருத்தி அதிகார சபை: 1978-இன் 41.
• தேசிய சுற்றாடல் சட்டம்: 1980-இன் 47.
• கரையோரப் பாதுகாப்புச் சட்டம்: 1981-இன் 57. கரையோர வலயம் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், சராசரித் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். எங்கள் ஊர்களின் கணிசமான வீடுகள் இந்த 300-க்குள்.
• தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்: 1984.
• புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்: 1992-இன் 33-ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ்.

மாதிரிக் கட்டுரை வினா

'ஏ-4 வீதியோரம் 4 மீற்றர் ஆழத்தில் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் திட்டமிடப்படுகிறது. தோண்டுமுன் செய்ய வேண்டிய ஆய்வுகளை ஒழுங்குமுறைப்படி விளக்குக.'

விடைக்கான ஒழுங்கு: பழைய வரைபடங்களும் குழாய்ப் பதிவுகளும், பின் இரு பக்கமும் உள்ள கிணறுகளின் நீர்மட்டமும் கடத்துதிறனும், பின் கடலிலிருந்து வயல் வரை தடைத்திறன் குறுக்குக் கோடுகள், பின் வீதிநெடுக மேற்பரப்பலை அளவை, இவை முரண்படும் இடங்களிலும் வழக்கத்துக்கு மாறாகத் தெரியும் இடங்களிலும் ஆழ்துளையும் ஊடுருவல் சோதனையும், கடைசியாக ராடாரும் கையால் வெட்டும் சோதனைக் குழியும். துளைகளைச் சம இடைவெளியில் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், சந்தேகமுள்ள இடத்தில் போட உதவுவதே புவிப்பௌதிக அளவையின் பெரும் பயன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

அதோடு, பெரும்பாலான விடைத்தாள்களில் விடுபடும் ஒன்று: வேலை தொடங்குமுன் அயல் வீடுகளின் சுவர் வெடிப்புகளைப் படமெடுத்து, ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் திகதியிட்டுப் பதிந்து, வீட்டுக்காரரிடம் கையொப்பம் பெற்று, பிரதியொன்றை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். பிறகு கிணறு உவர்த்துவிட்டது என்று அவர் பிரதேச செயலகத்துக்கு வரும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிறவர், இந்தப் பரீட்சையில் சித்தியெய்தி அங்கே அமர்ந்த உங்களில் ஒருவர். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அவருக்கு நட்டஈடு வாங்கிக் கொடுக்க உங்களிடம் ஓர் ஆதாரமும் இராது.